கரட்டில் மரமே இல்லை என்று எழுதியவர்களுக்கு

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், வருவாய், வனம், கனிமவளம் ஆகிய துறைகளின் மாவட்ட அலுவலர்களுக்கும்,

எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள கரட்டை, அதாவது சிறு பாறைக் குன்றை, கல்குவாரிக்குக் குத்தகைக்கு விடப்போவதாக மாவட்ட அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. அதற்கு அடிப்படையாக வைத்த ஆய்வு அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கிப் படித்தோம். தாவரங்கள் என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது ஒரே வரி. வெறும் பாறை, ஆங்காங்கே முட்புதர், குறிப்பிடத்தக்க மரங்கள் ஏதுமில்லை என்கிறது அந்த வரி.

அந்த வரி உண்மையல்ல. எழுதியவர் கரட்டில் ஏறியிருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. மரம் இல்லை என்பதால் வனத்துறையிடம் கருத்துக் கேட்கவில்லை. மரம் இல்லை என்பதால் மாவட்டப் பசுமைக் குழுவுக்குக் கோப்புப் போகவில்லை. மரமே இல்லாத இடத்தில் பறவை எங்கிருந்து வரும் என்று நினைத்தார்களோ என்னவோ, உயிரினங்கள் பற்றிய பக்கத்தில் காகமும் மைனாவும் அணிலும் மட்டும் இருக்கின்றன.

நான் ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவள். என் தகப்பனார் அந்தக் கரட்டில் மேய்த்தார். இன்றும் என் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. எங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் என்று என் பெயரும் ஏட்டில் இருக்கிறது. அந்தக் குழுவை ஒரு முறைகூடக் கூட்டவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இல்லை என்று நீங்கள் எழுதிய மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரட்டின் தெற்குச் சரிவு முழுவதும் கல்லிச்சி நிற்கிறது. பக்கத்து ஊர்களில் இதைக் கல்லால் என்றும் இத்தி என்றும் சொல்வார்கள். தாவரவியல் நூல்களில் ஃபைகஸ் மோலிஸ் என்று இருக்கும். ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த அதே குடும்பம்தான், ஆனால் இது பாறைக்கென்றே பிறந்த மரம். இலையின் அடிப்புறத்தில் மெல்லிய மயிர் படர்ந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். கரட்டின் மேற்கு முனையில், பெரிய பிளவு ஒன்றின் ஓரத்தில், கல்லரசும் இருக்கிறது. அதன் இலை அரசிலையை ஒத்திருக்கும். ஆனால் அரசிலையின் நீண்ட வால் இதற்குக் கிடையாது, காம்பும் சிவந்திருக்கும். ஆண்டில் சில வாரங்கள் அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். அறிக்கையோடு இணைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்தபோது, அந்த வாரங்களில் ஒன்றில், சாலையில் நின்றபடியே எடுத்த படம் என்று எனக்குத் தோன்றியது. மொட்டைக் கிளைகள் பாறையின் நிறத்தோடு கலந்து, இருப்பதே தெரியவில்லை.

மரக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சாலை அகலப்படுத்த வந்தவர்கள் எங்கள் ஊரில் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்றி, இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மரம், குறைந்தால் புதர் என்று எழுதினார்கள். சமவெளியில் நிற்கும் வேம்புக்கும் புளிக்கும் அந்த அளவு பொருந்தலாம். பாறைப் பிளவில் வளரும் கல்லிச்சிக்கு அது பொருந்தாது. அதற்குக் கிடைப்பது பிளவில் சேர்ந்த ஒரு கைப்பிடி மண்ணும், மழை பெய்த சில நாட்கள் கசியும் ஈரமும்தான். அதனால் மெல்ல வளரும். உயரே போகாமல் பாறையோடு படர்ந்து போகும். அடிமரம் எங்கே முடிகிறது, வேர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மார்பு உயரத்தில் நாடா சுற்றுவதற்கு அங்கே தண்டே இருக்காது. என் தகப்பனார் சிறுவனாக இருந்தபோது நிழலுக்கு ஒதுங்கிய மரம் இன்றும் ஏறத்தாழ அதே அளவில்தான் நிற்கிறது. உங்கள் நாடா அதைப் புதர் என்று சொல்லும்.

வேரைப் பார்த்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. வெளிறிய வேர்கள் பாறை முகத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பல ஆள் உயரத்துக்குக் கீழே இறங்குகின்றன. குறுந்தொகையின் 106ஆம் பாட்டில் கபிலர் இத்தி என்ற பெயரில் இத்தகைய மரத்தைத்தான் சொல்கிறார். கல்லில் படர்ந்த இத்தியின் வெள்ளை வேர், மலையிலிருந்து விழும் அருவியைப் போலத் தோன்றுகிறது என்பது அவர் கண்ட காட்சி. சங்க காலத்துப் புலவர் தொலைவிலிருந்தே கண்டுகொண்ட ஒன்று, அளவுநாடாவோடு வந்தவர்கள் கண்ணில் படவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மரம் காய்க்கும்போது கரட்டில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கள் இலைக்காம்பின் இடுக்கில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வரும். பழுத்தால் மஞ்சளும் சிவப்புமாக மாறும். ஒரு மரம் பழுக்கத் தொடங்கினால் மரம் முழுவதும் ஒரே சமயத்தில் பழுக்கும். பொழுது விடிவதற்கு முன்பே குக்குறுவான் கத்தத் தொடங்கிவிடும். பச்சைப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். இலையோடு இலையாக இருப்பதால் அவை பறக்கும்வரை அத்தனை இருந்தன என்று யாருக்கும் தெரியாது. குயிலும் சின்னானும் மாங்குயிலும் வரும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற சூறைக்குருவிகள் ஒரு காலைப்பொழுதிலேயே பாதி மரத்தைக் காலி செய்துவிடும். இரவில் பழந்தின்னி வௌவாலும் மரநாயும். கீழே விழுந்தவற்றை எங்கள் ஆடுகள் பொறுக்கும். எல்லாவற்றுக்கும் மிச்சம் எறும்புக்கு.

ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் பழுக்கும் காலம் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியம். இந்த மாதம் சரிவின் கீழே நிற்பது பழுத்தால், இன்னொரு மாதம் உச்சியில் நிற்பது பழுக்கும். சித்திரை வைகாசியில் சுற்றியுள்ள காட்டில் வேறு எந்தப் பழமும் கிடைக்காத நாட்களிலும் இந்தக் கரட்டில் ஏதாவது ஒரு மரம் பழுத்திருக்கும். உலகெங்கும் அத்தி இனப் பழங்களைத் தின்னும் பறவைகளும் விலங்குகளும் 1,200 வகைகளுக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றப் பழங்களைவிட இவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டையிடும் பறவைக்கு அது எவ்வளவு தேவை என்பதைக் கோழி வளர்ப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கோடையில் புல் காய்ந்து கருகும்போது எங்கள் ஆடுகளுக்கும் இந்தத் தழைதான் கைகொடுக்கிறது. கிளையை முறிக்கக் கூடாது, கைக்கு எட்டும் நுனித் தழையை மட்டும் ஒடிக்கலாம் என்பது எங்கள் ஊரில் மேய்ப்பவர்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை.

அடுத்துச் சொல்லப்போவது கொஞ்சம் நீளும். ஆனால் இந்த மடலில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கல்லிச்சி பூப்பதை யாரும் பார்த்திருக்க முடியாது. ஏனென்றால் பூ காய்க்குள்ளேயே இருக்கிறது. நாம் காய் என்று சொல்வது உட்புறமாகப் பூக்கள் நிறைந்த ஒரு கூடு. அதன் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக உள்ளே போகக்கூடியது ஒரே ஒரு வகை உயிர்தான். ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி அது. பெண் குளவி அந்தத் துளையில் முட்டி மோதி நுழையும்போது அதன் இறகு பிய்ந்துபோகும், திரும்பி வர முடியாது. உள்ளே சில பூக்களில் முட்டையிடும், தான் கொண்டுவந்த மகரந்தத்தை மற்றப் பூக்களில் சேர்க்கும், அங்கேயே இறந்துவிடும். சில வாரங்கள் கழித்து அடுத்த தலைமுறை பொரிக்கும். இறகே இல்லாத ஆண் குளவிகள் பெண்களோடு கூடிவிட்டுக் காயின் சுவரைக் குடைந்து வழி உண்டாக்கும். அந்தச் சமயத்தில்தான் காய்க்குள் இருக்கும் ஆண் பூக்கள் முதிரும். பெண் குளவிகள் அந்த மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியே பறக்கும். சிறு வயதில் நாங்கள் காயைப் பிளந்து, பொடிப்பொடியாகப் பூச்சிகள் கிளம்புவதைக் கண்டு வீசி எறிந்திருக்கிறோம். அந்தப் பூச்சி இல்லாவிட்டால் அந்த மரத்துக்கு விதையே இல்லை என்பது வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அத்தி இனம் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனக்கென்றே ஒரு குளவி உண்டு. ஆலமரத்துக் குளவி கல்லிச்சிக்கு உதவாது.

வெளியே பறந்த பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அந்த ஓரிரு நாளில், துளை திறந்த இளங்காய்களோடு இன்னொரு கல்லிச்சியை அது கண்டுபிடித்தாக வேண்டும். தான் பிறந்த மரத்தில் அப்போது இளங்காய் இருக்காது. ஒரு மரத்துக் காய்கள் எல்லாம் சேர்ந்தே முதிர்கின்றன என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான். ஆகவே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரத்தில் ஏற்ற பருவத்துக் காய் இருக்க வேண்டுமென்றால், பறந்து எட்டும் தொலைவுக்குள் பல மரங்கள் இருந்தாக வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய, குளவிக்குப் போக இடமில்லாத நாட்கள் கூடும். அந்த வட்டாரத்தில் குளவி அற்றுப்போனால், மிஞ்சிய மரங்கள் பார்ப்பதற்குப் பசுமையாகவே நிற்கும், ஆனால் இளங்காய்களை வீணாக உதிர்த்துக்கொண்டிருக்கும். பறவைக்குப் பழமும் இல்லை, மண்ணுக்கு விதையும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், எங்கள் கரட்டுக்குக் கிழக்கே இருந்த கரடு இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். தென்கிழக்கே இருந்ததும் அப்படியே. இரண்டிலும் கல்லிச்சி இருந்தது. மாட்டுக்குத் தழை ஒடித்து வந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், விசாரித்தால் சொல்வார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கூட்டமாக மிஞ்சியிருப்பவை எங்கள் கரட்டு மரங்கள் மட்டும்தான். அவற்றையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டால், கோயில் பாறையிலும் குளத்தங்கரைப் பாறையிலும் தனித்து நிற்கும் ஒன்றிரண்டு மரங்களுக்கும் அதோடு முடிவுதான். அறிக்கை எழுதியவர் ஒரு கரட்டைப் பற்றி எழுதுவதாக நினைத்தார். பாதிக்கப்படுவது ஒரு வட்டாரம்.

குத்தகைதாரர் ஈடாக மரக்கன்றுகள் நட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். நிபந்தனையில் இருப்பவை புங்கன், வேம்பு, நீர்மருது. நல்ல மரங்கள்தான், எங்களுக்கும் வேண்டும். ஆனால் அவை சாலையோரத்தில், சமதரையில், தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மரங்கள். பச்சைப்புறா புங்கங்காய் தின்னாது. கல்லிச்சிக் கன்று கிடைக்குமா என்று பக்கத்தில் உள்ள நாற்றங்காலில் கேட்டோம், அப்படி ஒரு கன்றை வளர்ப்பதே இல்லை என்றார்கள். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதும் நடக்காது. ஆலமரத்தைச் சுற்றிலும் மண் தோண்டி, கிரேன் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். இந்த மரத்தின் வேர் பாறையின் பிளவுக்குள் போயிருக்கிறது. பாறையை உடைக்காமல் மரத்தை எடுக்க முடியாது, உடைத்தால் வேர் மிஞ்சாது. பறவையின் எச்சத்தில் விழுந்த விதை பிளவில் முளைத்து, பல மழைக்காலங்கள் தாண்டி மரமாகியிருக்கிறது. பாறை இருந்து, குளவி இருந்து, பறவை இருந்தால் மட்டும் அது மறுபடியும் நடக்கும்.

கோபுரத்திலும் பாலத்திலும் பழைய கட்டடங்களிலும் இந்த இன மரங்கள் முளைத்தால் பிடுங்க வேண்டியிருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை, கட்டடத்தைக் காப்பதும் கடமைதான். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே, கல்லில் முளைத்தது எல்லாம் களை என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். கரடு இந்த மரத்தின் சொந்த வீடு. அங்கே அது யாருடைய சுவரையும் பெயர்க்கவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏற்கெனவே எங்கள் ஊர் விவசாயிகள் இதைத் தனி மனுவாகக் கொடுத்திருக்கிறார்கள். கரட்டில் விழும் மழைதான் எங்கள் கண்மாய்க்கு வரத்து. வேர்கள் பிணைந்திருக்கும் பிளவுகளில் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அடிவாரத்துச் சுனை மழை நின்று பல வாரங்கள் கழித்தும் கசிகிறது. ஆட்டுக்கும் நரிக்கும் மயிலுக்கும் அதுதான் தண்ணீர். ஆய்வு அறிக்கையில் நீர்நிலை என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறது.

வருவாய்ப் பதிவேட்டில் இந்த இடம் கல்லாங்குத்துப் புறம்போக்கு என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் நிலத்துக்குத் தீர்வை விதிக்க வந்தவர்கள், உழ முடியாத இடத்தை அப்படி எழுதினார்கள். அவர்களுக்கு வேண்டியது வரி. அந்தப் பதிவு இன்று ஒரு மலையின் தலையெழுத்தாகிவிட்டது. உழ முடியாத இடம் என்றால் உபயோகமற்ற இடம், உபயோகமற்ற இடம் என்றால் உடைக்கத் தக்க இடம் என்று கோப்பு நகர்கிறது.

குவாரி வந்தால் வேலை கிடைக்கும், சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி வேண்டாமா, எம்-சாண்ட் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். என் வீட்டுத் தளமும் ஜல்லியில் போட்டதுதான். எல்லாக் குவாரியையும் மூடச் சொல்லி நான் எழுதவில்லை. எந்தப் பாறையை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அதன்மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். ஏற்கெனவே திறந்து, இன்னும் கல் இருந்தும் பாதியில் விட்டுவிட்டுப் போன குவாரிகள் இந்த வட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றை முறையாக முடிக்காமல், வேலிகூடப் போடாமல், அடுத்த கரட்டுக்குப் போவது ஏன் என்ற கேள்விக்கு எந்தக் கூட்டத்திலும் எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. வேலையைப் பொறுத்தவரை, கிழக்குக் கரட்டில் குவாரி நடந்த காலத்தில் பாறை துளைக்கவும் லாரி ஓட்டவும் வெளியூர் ஆட்கள்தான் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது தூசியும் விரிசல் விட்ட சுவரும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் கரட்டை இரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவாக வரும்படி அறிவித்திருக்கிறீர்கள். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான, கல், மணல் போன்ற சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு தீபக் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. நிலத்தைச் சிறுசிறு துண்டாக்கி விதியைத் தாண்டிப் போவதைப் பற்றிய கவலை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து வரும் குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கொண்டு மொத்தப் பரப்பைப் பார்க்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. எங்கள் கரட்டின் இரண்டு துண்டுகளுக்கும் இடையே இருப்பது ஒரு வண்டித்தடம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிவரும். துண்டாக்கியதற்குக் காரணம் வேறு இருந்தால் அதை எழுத்தில் தாருங்கள்.

பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002இல் வந்தது. அதன் 41ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழு ஊர் மக்களோடு சேர்ந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். எங்கள் ஊராட்சியிலும் குழு இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. நான் உறுப்பினர் என்பதே பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். என் பெயருக்கு நேரே இருப்பது என் கையெழுத்து அல்ல. பதிவேட்டில் எங்கள் ஊரில் இல்லாத மரங்கள் இருக்கின்றன. நெல்லியும் சந்தனமும் இருக்கின்றன, கல்லிச்சி இல்லை. வேறு எங்கோ தயாரித்ததை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது படித்த எவருக்கும் புரியும். மேய்ப்பவர்களிடமும் தேன் எடுப்பவர்களிடமும் வைத்தியம் பார்க்கும் கிழவியிடமும் ஒரு பிற்பகல் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்தப் பதிவேடு இந்தக் கரட்டுக்குக் காவலாக இருந்திருக்கும். அப்படிக் கேட்காததால், அரசின் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைத் தாங்கிப்பிடிக்கிறது. பதிவேட்டில் இல்லாததால் அறிக்கையில் இல்லை, அறிக்கையில் இல்லாததால் ஏலத்துக்குத் தடையில்லை.

இதே தமிழ்நாட்டில் வேறு வழியும் நடந்திருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும் பாறைக் குன்றுகள்தான். 2022 நவம்பரில், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 வகைப் பறவைகளைக் கணக்கிட்ட பிறகு, பாறை வெற்றிடம் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்த இடத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது, 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. எங்கள் கரடு அவ்வளவு பெரிதில்லை என்று சொல்வீர்களானால், 2025இல் அதே தகுதி பெற்ற திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேர். எங்கள் கரட்டின் ஒரு துண்டின் அளவு.

இனி நாங்கள் கேட்பவை.

ஏலத்தை நிறுத்தி வையுங்கள். இது முதல் கோரிக்கை. மற்றவை நிறைவேறும்வரை குத்தகை ஒப்பந்தமோ பாதை போடும் வேலையோ நடக்கக் கூடாது. பாதை போடுவதற்காக என்று சொல்லி அடிவாரத்து மரங்களை முன்கூட்டியே வெட்டும் வழக்கத்தைக் கிழக்குக் கரட்டில் பார்த்திருக்கிறோம்.

ஆய்வு அறிக்கையை ரத்து செய்துவிட்டு, புதிதாக ஆய்வு நடத்துங்கள். வனத்துறை அலுவலரும், அத்தி இனங்களை அடையாளம் காணத் தெரிந்த தாவரவியலாளர் ஒருவரும், ஊரில் மேய்ப்பவர்கள் சிலரும் சேர்ந்து கரட்டில் ஏற வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது. இலை உதிர்ந்த பருவத்தில் ஒரு முறை, காய்க்கும் பருவத்தில் ஒரு முறை என்று குறைந்தது இரண்டு பருவங்கள் பார்க்க வேண்டும். மார்பு உயரச் சுற்றளவை வைத்து மரமா புதரா என்று பிரிக்கக் கூடாது. கல்லிச்சி, கல்லரசு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, எந்த மாதம் காய்த்தது என்பதையும் எழுத வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் மிஞ்சிய கல்லிச்சிகளையும் அதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். வழிகாட்ட நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம்.

இரண்டு துண்டுகளையும் ஒரே தொகுப்பாகக் கணக்கிட்டு, எங்கள் ஊரிலேயே, எங்களுக்குப் புரியும் தமிழில் அறிக்கையைக் கொடுத்து, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் குவாரி வேண்டாம் என்று நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்கு இதுவரை பதில் வரவில்லை.

எங்கள் ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டைத் திரும்பப் பெற்று, குழுவை முறைப்படி கூட்டி, மறுபடியும் எழுத வையுங்கள். நாங்கள் போடாத கையெழுத்துகள் எப்படி வந்தன என்று விசாரியுங்கள். புதிய பதிவேடு முடிந்ததும், பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் இந்தக் கரட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் முன்மொழிவை மாநில அரசுக்கு நீங்களே அனுப்புங்கள்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக நாற்றங்கால்களில் இலட்சக்கணக்கில் கன்றுகள் வளர்க்கிறீர்கள். அவற்றில் கல்லிச்சிக்கும் கல்லரசுக்கும் இடம் கொடுங்கள். விதை எங்கள் கரட்டில் இருக்கிறது. கிழக்கே கைவிடப்பட்ட பள்ளத்தின் விளிம்புப் பாறைகளில் அவற்றை வைத்துப் பார்க்கலாம். எங்கள் கரட்டு மரங்களை வெட்டுவதற்கு ஈடாக இதைச் செய்யக் கூடாது. ஏற்கெனவே அழித்ததற்கு ஈடாகச் செய்ய வேண்டும்.

ஏலத் தேதிக்கு முன்னால், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் தாமே ஒரு காலையில் கரட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். தெற்குச் சரிவில் இப்போது இரண்டு மரங்கள் காய் பிடித்திருக்கின்றன. வர முடியாவிட்டால், மரங்கள் இல்லை என்ற அந்த வரி சரிதான் என்று உங்கள் கையெழுத்தோடு எங்கள் ஊராட்சிக்கு எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் நீதிமன்றத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர், கரட்டில் ஆடு மேய்ப்பவர்கள் சார்பாக